சிஹோ சாகாத கதை

கதைகளில் முதல் சந்திப்பிலேயே அன்பு காட்டுகிறவர்களைச் சிவசங்கரி நம்பமாட்டாள். அநாதைப் பையனுக்கு ஒரு கிழட்டு மந்திரவாதி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால், 'இந்தாளு எதுக்கு இப்ப கஞ்சி காய்ச்சுறான்?' என்று அவளுக்குத் தோன்றிவிடும். பெரும்பாலும் சந்தேகம் பலித்தும் விடும். கதை பாதி தாண்டுவதற்குள் அந்தக் கிழவன் பையனுடைய நிழலைக் கத்தரித்துச் சுருட்டிக்கொண்டு போயிருப்பான்.

தவளக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. வீடு கருவடிக்குப்பத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் போகிற நேரமெல்லாம் படிப்பாள். டிராகன், சூனியக்காரி, ஏழு கடல், பேசும் வாள், எதுவாக இருந்தாலும் சரி. படித்து முடித்ததும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தனக்குத் தோன்றியதைப் பேசிப் பதிவுசெய்து இணையத்தில் போடுவாள். 'படிச்சதும் தோணுனது' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர் வைத்திருந்தாள். கதைச்சுருக்கம் சொல்லமாட்டாள். எந்த இடத்தில் யார் மேல் சந்தேகம் வந்தது, ஏன் வந்தது, அதைத்தான் சொல்வாள். "டிராகன் பாவங்க. அதுக்குத் தீனி போடறானே அவனைப் பாருங்க. இவ்ளோ பெரிய மிருகத்துக்கு யாராவது சும்மா தீனி போடுவாங்களா?" என்று அவள் பேசிய பதிவைப் பலர் விரும்பிக் கேட்டார்கள். இவளை ஏமாற்றுகிற எழுத்தாளன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அவள் கணவன் இனியவனிடம் இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

இப்படிப்பட்டவள்தான் ஏலோதியிடம் ஏமாந்தாள்.

நாத்தனார் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்லக் குருசுக்குப்பம் போனபோதுதான் ஏலோதியின் பழக்கம் வந்தது. அந்தத் தெருவில் ஏலோதியின் வீட்டைச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு என்றுதான் காட்டுவார்கள். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஏலோதிக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டிலேயே கேக் செய்து விற்றாள். உயரமான பெண். பேச்சுக்கு நடுவில் 'இதோ' என்பதற்கு 'வுவாலா' என்பாள், ஏதாவது கை தவறி விழுந்தால் 'கடவுளே' என்பதற்கு 'மோன் தியே' என்பாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். வாசலைத் தாண்டியதும் சுவரில் ஒரு மர அலமாரி. அதில் வரிசையாக அடுக்கியிருந்த புத்தகங்களின் முதுகைப் பார்த்ததுமே சிவசங்கரிக்கு வந்த வேலை மறந்துபோனது.

"மங்காவா அக்கா இதெல்லாம்?"

"ஆமா, ஜப்பான்காரன் படக்கதை. பிரான்ஸ்ல இருக்குற அண்ணன் பையன் மத்தியோ படிச்சது. அவன் வளர்ந்துட்டான். தூக்கிப்போட மனசு வராம, போன தடவை வந்தப்ப எங்கண்ணன் பெட்டியில கொண்டாந்து இங்க அடுக்கிட்டுப் போயிட்டாரு."

சிவசங்கரி ஒன்றை உருவிப் பார்த்தாள். பனிமூட்டத்துக்குள் ஒரு கலங்கரை விளக்கம், அதன் படியில் ஒரு பையனும் சின்னப் பெண்ணும். புரட்டினால் பேச்சுக் குமிழிகளெல்லாம் பிரெஞ்சு. ஒரு வார்த்தை புரியவில்லை.

"அக்கா, ஒரே ஒரு பக்கம் படிச்சுச் சொல்லுங்களேன். படம் இப்படி இழுக்குதே!"

ஏலோதி சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். "இதைப் பின்னாலேருந்து படிக்கணும், தெரியுமில்ல?" என்றபடி புத்தகத்தைத் திருப்பி, குமிழிக்கு அடியில் விரலை வைத்து, உதட்டை மெல்ல அசைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள். "அண்ணே, இன்னிக்கு விளக்கு நம்மகிட்ட எதைக் கேட்கும்?"

அந்த ஒரு வரியில் சிவசங்கரி விழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை பிற்பகலில் கடையிலிருந்து நேராகக் குருசுக்குப்பம்தான். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருக்கும். வெண்ணெய் வாசனையில் இருவரும் சாப்பாட்டு மேசையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஏலோதி படிப்பாள், சிவசங்கரி படம் பார்ப்பாள். புத்தகத்தை வெளியே எடுத்துப்போக மட்டும் ஏலோதி விடமாட்டாள். "அண்ணன் பொருளு" என்பாள். பிடித்த பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தாள்.

கதை இதுதான். கடலுக்குள் ஒரு ஊர். பனிமூட்டம் ஊரைத் தின்னாமல் இருக்க ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு எண்ணெய் கிடையாது. காவலர்களின் நினைவுகளைத் தின்றுதான் எரியும். ரியோதா என்கிற பையனும் அவன் தங்கை சிஹோவும் அந்த விளக்கின் காவலர்கள். இரண்டாம் பாகத்தில் விளக்கு அணையப் போகிறது. சிஹோ தனியாக மேலே ஏறிப் போகிறாள். அடுத்த பக்கம் முழுவதும் தண்ணீரில் மிதக்கும் மெழுகுவர்த்திகள், கரையில் ஊர்மக்கள். ஏலோதி அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிதானித்தாள். பிறகு, "ஊர்ல விழா எடுக்குறாங்க" என்று சொல்லிச் சட்டென்று திருப்பினாள். மறுபக்கத்தில் சிஹோ அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் தலைக்கு மேல் குமிழி இல்லை.

"ஏன்க்கா பேச மாட்டேங்குறா?"

"விளக்கு அவ குரலை எடுத்துக்கிச்சு" என்றாள் ஏலோதி.

சிவசங்கரிக்கு உடம்பு சிலிர்த்தது. அன்று மாலை மாடியில் அவள் பேசிய பதிவுதான் அந்தப் பக்கத்திலேயே அதிகம் பேர் கேட்டது. சிஹோவைப் பற்றியே பேசினாள். எல்லோரும் கத்திக்கொண்டும் வாளை வீசிக்கொண்டும் இருக்கிற கதையில் ஒருத்தி வாயே திறக்காமல் அண்ணனுக்குப் பின்னால் நடந்துவருகிறாளே, அவள்தான் இந்தக் கதை என்றாள். அதோடு, துறைமுக அதிகாரியாக வருகிற தாடிக்காரர் மேல் தனக்கு ஒரு கண் இருப்பதாகவும் சொன்னாள். குழந்தைகளுக்கு ரொட்டி கொடுக்கிறார் அல்லவா. அடுத்த சனிக்கிழமையே அந்தத் தாடிக்காரர் ஊரைக் காட்டிக்கொடுத்தார். "நான் சொல்லல?" என்று மேசையைத் தட்டிக் குதித்தாள் சிவசங்கரி. ஏலோதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

மேனகா என்ற பெண் எழுதியது ஒரு வியாழக்கிழமை, கடையில் சாப்பாட்டு நேரத்தில் வந்தது.

'அக்கா, உங்க குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா சிஹோ ரெண்டாவது பாகத்துலயே செத்துப்போயிட்டாளே? அப்புறம் வர்றது ரியோதாவோட நினைவுலதான். துறைமுக அதிகாரி துரோகியும் கிடையாது, குழந்தைகளைக் காப்பாத்தப் போய்ச் செத்தவரு. நீங்க எந்தப் புத்தகத்தைப் படிக்கிறீங்க?'

சிவசங்கரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. இந்தப் பெண் யார், எந்த ஊர், சொந்தப் படம்கூட வைக்கவில்லையே என்று பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். வேண்டுமென்றே வம்புக்கு இழுக்கிற ஆள் என்று முடிவுகட்டினாள். 'ஒழுங்காப் படிச்சுட்டு வாங்க தங்கச்சி' என்று பதில் போட்டாள். மாலை பஸ் ஏறுவதற்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். ஆமாம், அவள் செத்துவிட்டாள். ஆமாம், அவர் நல்லவர். கடைசியாக ஒருவன், 'படிக்காமலே விமர்சனம் சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க' என்று எழுதியிருந்தான். அந்த வரி அவளைக் கருவடிக்குப்பம் வரைக்கும் குத்திக்கொண்டே வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு உங்கிட்டப் பொய் சொல்லி என்னா கிடைக்கப் போவுது?" என்றான் இனியவன். மின்துறையில் லைன்மேன் அவன். எதையும் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிப் பார்த்துத்தான் பேசுவான்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ சொல்லல. உனக்குச் சொன்னவங்க?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சிவசங்கரி தட்டில் இருந்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, போனில் இருந்த படங்களைத் திறந்தாள். தாடிக்காரர் படகுத்துறையில் கைகளை விரித்து நிற்கும் பக்கம். இந்த இடத்தில் ஏலோதி படித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. 'புள்ளைங்க எப்படிப் போனா என்னா, விளக்கை மட்டும் எங்கிட்ட குடுங்க.' மொழிபெயர்க்கும் ஆப்பை அந்தக் குமிழியின் மேல் காட்டினாள். எழுத்துகள் துடித்து, கலைந்து, தமிழாயின. 'எல்லாக் குழந்தைகளும் படகில் ஏறும் வரை நான் இங்கிருந்து நகர மாட்டேன்.'

ஆப்பையும் அவள் நம்பவில்லை. ஒரு டைல்ஸ் பெட்டியின் மேல் எழுதியிருந்ததை அது 'ஈரமான பூனைக்கு ஏற்றது' என்று மொழிபெயர்த்ததைக் கண்ணால் பார்த்தவள். இன்னொரு பக்கத்தைக் காட்டினாள். இன்னொன்று. எதிலும் ஏலோதி சொன்னது இல்லை. ஒரு சின்னக் குமிழியில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'வேண்டாம்.' அதற்கு ஏலோதி, ரியோதாவின் அம்மாவைப் பற்றி எவ்வளவு நீளமாகப் பேசினாள்! இத்தனை பேச்சு இந்த இத்தனூண்டுக் குமிழியில் எப்படி அடங்கும் என்று அன்றைக்கே ஏன் தோன்றவில்லை?

வேறொன்றும் உறைத்தது. மற்றப் புத்தகங்களில் அவள் சந்தேகம் சில சமயம் பலிக்கும், சில சமயம் கவிழும். இந்த ஒரு கதையில் மட்டும் அவள் நினைத்ததெல்லாம் நடந்தது. அவள் யாரைச் சந்தேகப்பட்டுப் பேசினாளோ அவன் அடுத்த வாரம் கெட்டவனானான். யாருக்காக இரங்கினாளோ அவர்கள் பிழைத்தார்கள். தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பூரித்திருந்தாள்.

எதற்காக இப்படிச் செய்கிறாள்? கேலியா? தெரியாதவள் என்று வைத்து விளையாடுகிறாளா? அண்ணனிடம் போனில் சொல்லிச் சிரிப்பாளோ, 'இங்க ஒருத்தி வர்றா, எதைச் சொன்னாலும் நம்புவா' என்று? தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு விதைக்கிற வீட்டிலிருந்து வந்தவள்தானே என்கிற எண்ணமா? இதுவரை ஏலோதி சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஓட்டை இருப்பதுபோல்தான் இருந்தது.

சனிக்கிழமை வழக்கம்போலப் போனாள். எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"என்னா சங்கரி, முகம் வாடியிருக்கு?"

"வெயிலுக்கா."

ஏலோதி உள்ளே போய் அடுப்பைத் திறந்து கேக்கைக் குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை மேலிருந்த அவள் போன் ஒருமுறை ஒளிர்ந்தது. சிவசங்கரி எட்டிப் பார்த்தாள். பாதி கேட்டு நிறுத்தியிருந்த ஒரு குரல்பதிவு திரையில் நின்றது. 'படிச்சதும் தோணுனது.' அவளுடைய பக்கம்தான். 'அதெல்லாம் கேட்க எனக்கு எங்க நேரம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள்! ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அதற்கேற்றபடி அடுத்த வாரத்தைக் கட்டியிருக்கிறாள்.

 சிவசங்கரி எழுந்து அலமாரியிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்துவந்தாள். அன்றைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டுக் கதை முடிகிற இடத்துக்கும் அப்பால் திருப்பினாள். அங்கே படமே இல்லாத பக்கம் ஒன்று இருந்தது. எழுதி வரைந்தவர் வாசகர்களுக்குச் சொல்வதுபோல, மேலிருந்து கீழ்வரைக்கும் எழுத்து. இந்தப் பக்கம் வந்தால் ஏலோதி எப்போதும் 'முடிஞ்சுது, வுவாலா' என்று புத்தகத்தை மூடிவிடுவாள்.

ஏலோதி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இதைப் படிங்க இன்னிக்கு."

"இது கதை இல்லையே."

"இருக்கட்டும். எழுதுனவரு என்னா சொல்றாருன்னு தெரிஞ்சுக்கலாம்."

"அதுல என்னா இருக்கப் போவுது. எல்லாருக்கும் நன்றி, குடும்பத்துக்கு நன்றின்னு..."

"அந்த நன்றியைத்தான் படிங்களேன்."

ஏலோதி கண்ணாடியை மாட்டினாள். விரலை முதல் வரிக்கு அடியில் வைத்தாள். உதடு அசைந்தது. விரல் நகரவில்லை. வெளியே யாரோ மீன்கூடைக்குப் பேரம் பேசிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கிய பிறகும் விரல் முதல் வார்த்தையிலேயே இருந்தது. சிவசங்கரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லப் போகிறாள், எப்படிச் சொல்கிறாள் பார்ப்போம் என்றுதான் காத்திருந்தாள். ஏலோதியின் மூக்கு நுனி வியர்த்தது. பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையின் முகம் அது.

அப்போதுதான் சிவசங்கரிக்கு விளங்கியது.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

ஏலோதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பிரெஞ்சு தெரியாதா உங்களுக்கு?"

"கடைக்குப் போனா கேட்க நாலு வார்த்தை. கோயில்ல பாடற பாட்டு. அவ்ளோதான்."

"பாஸ்போர்ட் வச்சிருக்கீங்க..."

"பாஸ்போர்ட்டு அப்பா குடுத்தாரு. பாஷையை யாரு குடுத்தா?" ஏலோதியின் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே இறங்கியது. "அண்ணன் ஆலேனுக்குப் பத்து வயசா இருக்கறப்ப அப்பா அவரைப் பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, கூட ஒரு ஆளு வேணும்னு என்னை விட்டுட்டுப் போனாரு. நான் இங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். தெருவுல எல்லாரும் சொல்தா பொண்ணு, பிரெஞ்சுக்காரின்னுதான் சொல்லுவாங்க. ஒருத்தர்கிட்டயும் இல்லைன்னு சொல்லத் தோணல. கான்சுலேட்லேருந்து கடிதாசு வந்தா ஊருக்கு அந்தாண்ட ஒருத்தர்கிட்டப் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வருவேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"அன்னிக்கு நீ ஒரு பக்கம்னுதான் கேட்ட. ஒரு பக்கம்தானேன்னு படத்தைப் பார்த்துச் சொல்லிட்டேன். உனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த சனிக்கிழமையும் வந்து நின்ன."

"அதனால நான் பேசறதைக் கேட்டுக் கேட்டு, அதுக்குத் தகுந்தாப்புலக் கதை கட்டுனீங்க."

"உனக்குப் பிடிக்கணும்னுதான்..."

"நான் ஊரு முழுக்க அசிங்கப்பட்டேன் அக்கா! படிக்காம விமர்சனம் சொல்றவன்னு எழுதறான் ஒருத்தன். எவனோ எழுதுன நல்ல மனுஷனைத் துரோகின்னு நான் திட்டிட்டுக் கிடக்குறேன், ஏன்னா நீங்க..."  பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் கேக் கருகுகிற வாசனை வந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. சிவசங்கரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கடையிலிருந்து நேராக வீட்டுக்குப் போனாள். ஏலோதி போன் செய்தாள், எடுக்கவில்லை. அந்தக் கதையின் ஆங்கிலப் பதிப்பை வரவழைத்து முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் பாகத்தில் சிஹோ படியேறிப் போகிறாள். விளக்கு அவளிடம் எல்லா நினைவுகளையும் கேட்கிறது. கடைசியில் அண்ணனின் பெயரையும் கேட்கிறது. கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறாள். அடுத்த பக்கம் மெழுகுவர்த்திகள். அது விழா இல்லை.

நல்ல கதைதான். ஏலோதி சொன்னதைவிடக் கடினமான கதை. சிவசங்கரி பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தாடிக்காரர் படகுத்துறையில் மூழ்கும்போது, தான் அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரொட்டி கொடுத்தவர் வெறும் ரொட்டிதான் கொடுத்திருக்கிறார். உள்நோக்கம் ஒன்றுமில்லை. இப்படியும் ஒருவனை எழுதுவார்கள் என்று அவளுக்கு ஏன் தோன்றவே இல்லை?

ஒரு மாலை தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து உண்மையைப் பேசிப் பதிவுசெய்தாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்தவர் என்று நினைத்த ஒருவர் படம் பார்த்துச் சொன்ன கதையைத்தான் இத்தனை நாளாகப் புத்தகம் என்று நம்பிப் பேசியிருக்கிறேன். தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். ஏலோதியின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். வாய்வரைக்கும் வந்தது. முதல் வார்த்தையிலேயே நின்றுபோன அந்த விரல் கண்முன் வந்ததும் விட்டுவிட்டாள்.

கேலி செய்தவர்கள் செய்தார்கள். சிலர் பக்கத்தை விட்டுப் போனார்கள். மேனகா மட்டும், 'அந்த இன்னொரு கதையில் சிஹோவுக்குக் கடைசியில் குரல் திரும்ப வந்ததா?' என்று கேட்டிருந்தாள். சிவசங்கரி அதற்குப் பதில் போடவில்லை. அவளுக்கே தெரியாது.

சில நாள் கழித்து, மாலையில் கடையைவிட்டு வெளியே வந்தவள், தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் ஏலோதி நிற்பதைப் பார்த்தாள். கடலூர் சாலையில் லாரிகள் கிளப்பிய புழுதிக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட்டத்துக்குள் உயரமாக நின்றாள். இந்தப் பக்கம் அவள் வந்து சிவசங்கரி பார்த்ததே இல்லை.

"கேட்டேன் நீ பேசுனதை" என்றாள் ஏலோதி. "என் பேரைச் சொல்லல நீ."

"சொல்லி என்னா ஆகப் போவுது."

 பிறகு சிவசங்கரியே கேட்டாள். பல நாளாக அவளுக்குள் கிடந்த கேள்வி அது.

"அந்த மெழுகுவர்த்திப் பக்கம். எழுத்து தெரியலைன்னா போவுது, படம் தெரியுமில்ல? தலையைக் குனிஞ்சுட்டு நிக்குறாங்க எல்லாரும். அது விழா இல்லைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

 ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"தெரிஞ்சுது" என்றாள்.

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"அடுத்த பக்கத்தைத் திருப்பினா அவ நிக்குறா சங்கரி. அண்ணனுக்குப் பின்னாலயே நிக்குறா. கண்ணுக்கு முன்னாடி நிக்கிறவளை எப்படிச் செத்துட்டான்னு சொல்றது?"



"ஆலேன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள் ஏலோதி. "போன்ல. எனக்குப் பிரெஞ்சு வராதுண்ணே, இத்தனை வருஷமா நீங்க அனுப்பற கடிதாசை யார்கிட்டயோ குடுத்துப் படிச்சுட்டு வர்றேன்னு. அவரு சிரிக்குறாரு. 'எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் படம் போட்ட புஸ்தகமாப் பார்த்துக் கொண்டாந்து அடுக்குனேன்'னாரு."

சிவசங்கரி திரும்பி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். சொன்ன வாக்கியம் கச்சிதமாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாக இருந்தது. ஆலேன் உண்மையிலேயே இப்படிச் சொன்னாரா, இல்லை குருசுக்குப்பத்திலிருந்து வருகிற வழியில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இவளே கட்டியதா? கண் கலங்கியிருந்தது, அது புழுதியாகவும் இருக்கலாம்.

"நிஜமாச் சொன்னாரா?"

"அடுத்த மாசம் வர்றாரு. நீயே கேளு."

"கேட்பேன்."

"கேளேன்."

கேட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார், தங்கையைக் காட்டிக்கொடுப்பாரா என்றும் சிவசங்கரிக்குத் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் அவளை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஏலோதி எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் லேசாகச் சிரித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

புதுச்சேரி பஸ் வந்தது. முண்டியடித்து ஏறியதில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் சிவசங்கரி பையிலிருந்து ஆங்கிலப் பதிப்பின் இரண்டாம் பாகத்தை எடுத்து மடியில் வைத்தாள். சிஹோ படியேறும் பக்கத்தைத் திறந்தாள். ஏலோதி வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள்.

"என்னா எழுதியிருக்கு?"

"அண்ணன் பேரைக் கேட்குது விளக்கு. குடுத்துடறா."

"பேரையா?" என்றாள் ஏலோதி. பக்கத்தைத் திருப்பவிடாமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்கு இது தோணவே இல்லையே."

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிறவரைக்கும் கையை எடுக்கவில்லை. சிவசங்கரியும் அவசரப்படுத்தவில்லை.